நெக்கோர் என்னும் சிற்றரசும் நாகர்கோவிலின் வார இறுதி வரலாற்று வகுப்பும்: ஒரு மதிப்புரை

நாகர்கோவிலில் வார இறுதி நாட்களில் பொதுமக்களுக்காக வரலாற்று வகுப்பு நடத்தும் சிறு குழு ஒன்று, சோழர், பாண்டியர், திருவிதாங்கூர் என்று நமக்குப் பழகிய வழியை விட்டு, இம்முறை மொராக்கோவின் வடக்கே ரிஃப் மலைக் கடற்கரையில் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் நிலைத்திருந்த நெக்கோர் என்னும் சிற்றரசைப் பாடமாக எடுத்துக்கொண்டது. ஆறு அமர்வுகள், அச்சிட்ட கையேடு ஒன்று, சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிய வரைபடம் ஒன்று ஆகியவை கட்டணத்துக்குக் கிடைப்பவை. போட்டித் தேர்வில் ஒரு மதிப்பெண்கூடப் பெற்றுத் தராத பொருள் என்றாலும் கூடம் நிறைந்தே இருந்தது. கல்லூரி மாணவர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வந்திருந்தார்கள். தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கங்களிலிருந்து பேருந்தில் வந்தவர்களும் இருந்தார்கள். வகுப்பில் குறைகள் உண்டு, அவற்றையும் எழுதுகிறேன். ஆனால் ஒரு சிறிய அரசை, அது சிறியது என்பதற்காகவே பேரரசுகளின் வரலாற்றுக்குள் ஒரு வரியாக ஒதுக்கிவிடாமல், அதன் சொந்த நிலையில் நிறுத்தி ஆராய்ந்த வகுப்பைத் தமிழில் நான் இதற்குமுன் கேட்டதில்லை.

நெக்கோரைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெக்கோர், கிஸ் என்னும் இரண்டு ஆறுகள் மத்தியதரைக் கடலை நோக்கி இறங்கும் சமவெளியில், இன்றைய அல் ஹொசைமா நகருக்கு அருகில், கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளி அந்த நகரம் இருந்தது. எதிர்க்கரையில் ஸ்பெயினின் மலகா. அரசை நிறுவியவர் சாலிஹ் இப்னு மன்சூர். காலம் 710ஐ ஒட்டியது. டமாஸ்கஸில் உமையா வம்சத்துக் கலீஃபா முதலாம் அல்-வலீத் ஆண்டுகொண்டிருந்த நாட்களில், தளபதி தாரிக் படையுடன் ஜிப்ரால்டர் ஜலசந்தியைக் கடந்து ஸ்பெயினுக்குள் நுழைந்த 711க்கு முந்தைய ஆண்டில், தெம்சாமான் என்ற கரையோரப் பகுதியில் சாலிஹ் வந்து இறங்கினார் என்பது மரபு. ஃபெஸ் நகரத்து இத்ரீசிய அரச வம்சத்தார் 788க்குப் பிறகுதான் வருகிறார்கள் என்பதை நினைத்தால், மொராக்கோ மண்ணில் எழுந்த இஸ்லாமிய அரசுகளில் இது எவ்வளவு முந்தையது என்பது விளங்கும்.

முதல் அமர்வு இந்த விவரங்களை விரைவாகக் கடந்து, ஒரு கேள்வியில் நின்றது. ஆண்ட குடும்பம் யாருடையது? சாலிஹின் வழித்தோன்றல்கள் தங்களை ஏமன் நாட்டு ஹிம்யர் குலத்தவர் என்று சொல்லிக்கொண்டார்கள். குடிகளோ கொமாரா, சன்ஹாஜா முதலிய, வட ஆப்பிரிக்காவின் பூர்வகுடிகளான பெர்பர் குலத்தவர்கள். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அதாவது அந்தக் குடும்பம் அரியணையில் இருந்தபோதே எழுதிய அல்-யஃகூபி என்ற புவியியலாளர், அரசர் தம்மை ஹிம்யர் என்று கூறிக்கொள்வதாகவும், நாட்டு மக்களோ அவர் அந்த மண்ணைச் சேர்ந்த நஃப்ஸா குலத்தவரே என்று சொல்வதாகவும் இரண்டையும் அருகருகே பதிவு செய்திருக்கிறார். இதைப் படித்துக் காட்டியதும் முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், “அப்படியானால் டீச்சர், ராஜா ஏமன்காரரா, அந்த ஊர்க்காரர்தானா?” என்று கேட்டார். “சார், குடிகள் அவரை நம்மவர் என்றார்கள், அவர் தம்மைத் தூரத்து அரபியர் என்றார்; இரண்டு பேச்சும் ஒரே காலத்தில் நடந்திருக்கிறது என்பதுதான் நம் கையில் இருக்கும் செய்தி,” என்று வகுப்பை நடத்திய பேராசிரியை பதில் சொன்னார். முடிவை அவசரமாகக் கையில் திணிக்காத இந்தப் பண்பு ஆறு அமர்வுகளிலும் தொடர்ந்தது. ஆண்டவர்கள் தூரத்து வம்சாவளி ஒன்றைச் சூடிக்கொள்வது நம் ஊர்களின் மெய்க்கீர்த்திகளிலும் செப்பேடுகளிலும் நிறையவே உண்டென்பதால், கேட்டவர்களுக்கு விளக்கம் அதற்குமேல் தேவைப்படவில்லை.

சாலிஹின் ஆட்சி தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே குடிகள் அவரைத் துரத்திவிட்ட செய்தி இரண்டாம் அமர்வில் வந்தது. புதிய மதத்தின் கடமைகள் பாரமாகத் தோன்றியதால் அவர்கள் பழைய வழிக்குத் திரும்பினார்கள் என்றும், நஃப்ஸா குலத்தைச் சேர்ந்த அர்-ருந்தி என்பவரைத் தலைவராக்கிக்கொண்டார்கள் என்றும், பிறகு மனம் மாறி அவரைக் கொன்றுவிட்டுச் சாலிஹையே திரும்ப அழைத்துவந்தார்கள் என்றும் மரபு கூறுகிறது. பேராசிரியை இதை ஒரு மதமாற்றக் கதையாக மட்டும் சொல்லி முடிக்கவில்லை. 740ஐ ஒட்டி வட ஆப்பிரிக்கா முழுவதும் பெர்பர்கள் உமையா ஆளுநர்களின் வரிக்கும் பாகுபாட்டுக்கும் எதிராகக் கிளர்ந்தெழுந்ததையும், அந்தக் கிளர்ச்சியின் வயிற்றிலிருந்தே அட்லாண்டிக் கரையில் பர்கவாதா போன்ற தனி அரசுகள் பிறந்ததையும் வரைபடத்தில் காட்டி, அந்தக் கொந்தளிப்பின் நடுவில் ஒரு குடும்பம் துரத்தப்பட்டும் திரும்ப அழைக்கப்பட்டும் நிலைத்தது என்றால், அது வாளால் மட்டும் நிலைத்திருக்க முடியாது, குலங்களின் சம்மதத்தால் நிலைத்திருக்க வேண்டும் என்ற இடத்துக்கு எங்களை அழைத்துச் சென்றார். சாலிஹின் மகன்களில் இருவர் சன்ஹாஜா பெண்ணுக்குப் பிறந்தவர்கள் என்ற குறிப்பை அவர் இங்கேதான் பொருத்தினார். பொருத்தம் சரியானது.

இந்த வகுப்பின் சிறந்த பகுதி என்று நான் கருதுவது மூன்றாம் அமர்வு. அதில் அரசர்களைவிடச் சான்றுகளே அதிகம் பேசப்பட்டன. நெக்கோரைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி அல்-பக்ரி என்ற ஒருவரிடமிருந்து வருகிறது. அவர் ஸ்பெயினில் பிறந்து ஸ்பெயினிலேயே வாழ்ந்தவர்; ஆப்பிரிக்கக் கரையில் கால் வைக்காமலே 1068இல் தம் புவியியல் நூலை எழுதி முடித்தவர். அப்போது நெக்கோரின் அரச குடும்பம் வீழ்ந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. ஆனால் அவர் கையில், இன்றைய துனீசியாவின் கைரவானில் வாழ்ந்துவிட்டு, முஸ்லிம் ஸ்பெயினின் தலைநகரான கார்டோபாவுக்கு வந்து, அங்கே கலீஃபாவாக இருந்த இரண்டாம் அல்-ஹகமுக்காக ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதிய அல்-வர்ராக்கின் பத்தாம் நூற்றாண்டுக் குறிப்புகள் இருந்தன. அல்-வர்ராக்கின் நூல் இன்று கிடைப்பதில்லை. அல்-பக்ரிக்குப் பின் வந்த வரலாற்றாசிரியர்களான இப்னு இதாரியும் இப்னு கல்தூனும் சொல்வதில் பெரும்பகுதி இந்த ஊற்றிலிருந்தே பாய்ந்தது என்பதால், மூன்று நூல்கள் ஒத்துப்போகின்றன என்று மகிழ்வதற்கு முன், மூன்றும் ஒரே வாயிலிருந்து வந்தவையா என்று பார்க்க வேண்டும். இந்த ஒரு பாடத்துக்காகவே கட்டணம் தகும். கல்வெட்டு வாசிக்கும் நம் மாவட்டத்து ஆர்வலர்கள் பலர் கேட்டிருக்க வேண்டிய அமர்வு இது.

சான்றைச் சந்தேகிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, அதே சான்றின் அழகையும் பேராசிரியை மறைக்கவில்லை. அல்-பக்ரி வர்ணிக்கும் நகரத்துக்கு நான்கு வாயில்கள்: சுலைமான் வாயில், பனீ வர்யாகல் வாயில், தொழுகைத் திடல் வாயில், யூதர் வாயில். சுற்றிலும் சுடாத செங்கல் மதில். வெளியே தோட்டங்களில் பேரிக்காயும் மாதுளையும். நான்கு பெயர்களை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு, அவற்றிலிருந்து நகரத்தின் மக்களை வாசிக்கச் சொன்னார். ஒரு வாயில் பக்கத்து மலைக் குலத்தின் பெயரைத் தாங்குகிறது. இன்னொன்று யூதர்களின் பெயரைத் தாங்குகிறது. ஆக அந்தச் சிறிய ஊரில் யாரெல்லாம் போய்வந்தார்கள், யார் எந்தப் பக்கம் குடியிருந்தார்கள் என்பதற்கு மதிலே சாட்சி. அந்தப் பனீ வர்யாகல் குலத்தில்தான், ஆயிரம் ஆண்டுகளுக்கும் பிறகு, 1921இல் அன்வாலில் ஸ்பானியப் படையை முறியடித்த அப்துல் கரீம் பிறந்தார் என்பதையும், அவர் பெயர் தாங்கிய அணை இன்று அந்த நெக்கோர் ஆற்றின் மேலேயே நிற்கிறது என்பதையும் போகிற போக்கில் சொன்னார். இதை இன்னும் கொஞ்சம் விரித்திருக்கலாம்.

இரண்டாம் சாலிஹின் கழுதைக் கதையும் இந்த அமர்வில்தான் வந்தது. மிக்னாசா குலத்தார் வரி கட்ட மறுத்தபோது, மன்னர் படை அனுப்பவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்றை எழுதி முத்திரையிட்டு, தீவனப் பையில் போட்டு, தம் கழுதையின் கழுத்தில் கட்டி, அவர்களுடைய நிலத்தின் நடுவில் விட்டுவரச் செய்தார். கழுதையைக் கண்டு அடையாளம் தெரிந்துகொண்ட குலத்தார், முதலில் அதை முடமாக்கிவிடலாமா என்று பேசி, பிறகு யோசனை மாறி, வரியைத் திரட்டி, கழுதைக்கு விலையுயர்ந்த துணி போர்த்தி, மன்னிப்புடன் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார்களாம். நடந்ததா, புனைந்ததா என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒரு சிற்றரசர் குலங்களை எப்படி நடத்தினார், குலங்கள் அவரை எந்த அளவுக்கு மதித்தன, வரி வாங்குவதற்குள் எவ்வளவு பேச்சுவார்த்தை ஒளிந்திருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பத்தி வேறொன்று கிடைப்பது அரிது.

நான்காம் அமர்வு, வைக்கிங் என்னும் வட ஐரோப்பியக் கடற்கொள்ளையர் நடத்திய கொள்ளையைப் பற்றியது; கூட்டம் அதிகம் வந்ததும் அன்றுதான். வடக்குக் கடலிலிருந்து 62 கப்பல்களுடன் கிளம்பி ஸ்பெயினின் கரைகளைச் சூறையாடிய கூட்டம், ஜலசந்தியைத் தாண்டி நெக்கோரில் இறங்கி நகரைப் பிடித்தது. எட்டு நாட்கள் அங்கே தங்கி, அரச குடும்பத்துப் பெண்கள் உட்படப் பலரைச் சிறைபிடித்துச் சென்றது. அந்தப் பெண்களைக் கார்டோபாவின் அமீர் முதலாம் முஹம்மது பணம் கொடுத்து மீட்டார். பிறகு அதே கப்பல்கள் பலேரிக் தீவுகளுக்கும், ரோன் ஆற்றின் கழிமுகத்துக்கும், இத்தாலியக் கரைக்கும் போயின. அயர்லாந்தின் பழைய ஆண்டுக்குறிப்பு ஒன்றில், வடவர்கள் மௌரித்தானியாவிலிருந்து (வடமேற்கு ஆப்பிரிக்காவின் பழைய பெயர்) பிடித்துவந்த ‘நீல மனிதர்கள்’ நெடுநாள் அயர்லாந்தில் இருந்தார்கள் என்று ஒரு வரி வருகிறது. அந்த வரியைப் பேராசிரியை வாசித்தபோது கூடத்தில் ஏற்பட்ட அமைதி உண்மையானது. மீட்கப்பட்ட இளவரசிகளுக்குப் பெயர் இருக்கிறது. மீட்கப்படாமல் போனவர்களுக்கு அந்த ஒரு வரிதான் இருக்கிறது.

ஆனால் இந்த அமர்வில் கையேடு பிழைபட்டிருக்கிறது. ஒரு பக்கத்தில் கொள்ளை நடந்த ஆண்டு 844 என்றும், இன்னொரு பக்கத்தில் 859 என்றும் அச்சாகியிருக்கிறது. இரண்டுக்கும் விளக்கம் இல்லை. 844 என்பது வைக்கிங்குகள் முதன்முறையாக வந்து செவில் நகரைச் சூறையாடிய ஆண்டு. நெக்கோர் தாக்கப்பட்டது இரண்டாம் படையெடுப்பில். அல்-பக்ரி தரும், இஸ்லாமிய நாட்காட்டியின் ஹிஜ்ரி 244 என்பது 858 ஏப்ரலில் தொடங்கி 859 ஏப்ரலில் முடிவது. ஹிஜ்ரி ஆண்டு இரண்டு பொது ஆண்டுகளில் பரவும் என்பதை ஒரே ஒரு அட்டவணை போட்டு விளக்கியிருந்தால், மாணவர்களின் குறிப்பேடுகளில் இந்தக் குழப்பம் ஏறியிருக்காது. சான்றுகளைப் பற்றி இவ்வளவு கவனமாகப் பேசும் வகுப்பின் கையேட்டுக்கு இது பொருந்தவில்லை. வம்சாவளிப் பக்கத்திலும் இதே அலட்சியம் தெரிகிறது. இந்தக் குடும்பத்தில் சாலிஹ், சயீத், இத்ரீஸ் என்ற பெயர்களே சுழன்று சுழன்று வருவதால், முதலாம், இரண்டாம் என்று எண்ணிட்டுக் காட்டாவிட்டால், நகரை எழுப்பித் தலைநகராக்கிய பேரன் சயீதுக்கும், 917இல் போரில் மாண்ட சயீதுக்கும் வேறுபாடு தெரியாமல் போகும்.

அந்த 917ஆம் ஆண்டைப் பற்றிய ஐந்தாம் அமர்வில் கதையும் அரசியலும் சரியான அளவில் கலந்திருந்தன. 909இல் இன்றைய அல்ஜீரியாவிலுள்ள தாஹர்த் நகரத்து ருஸ்தமிய அரசை வீழ்த்திவிட்டு, கைரவான் பக்கத்திலிருந்து ஆண்டுகொண்டிருந்த ஃபாத்திமிய வம்சத்தார் மேற்கே கை நீட்டினார்கள். அவர்களுடைய கலீஃபா உபைதுல்லாஹ் அல்-மஹ்தி, பணிந்தால் நன்மை, மறுத்தால் மரணம் என்ற பொருளில் செய்யுளாகவே ஓலை அனுப்பினார். இரண்டாம் சயீதின் அவையிலிருந்த, தொலேதோ நகரத்துக் கவிஞர் ஒருவர் செய்யுளாலேயே அதை மறுத்து எழுதினார். விளைவாக மிக்னாசா குலத்துத் தளபதி மசாலா இப்னு ஹபூஸ் தாஹர்த்திலிருந்து படை திரட்டி வந்தார். நெக்கோர் விழுந்தது, சயீத் கொல்லப்பட்டார். அவருடைய மகன்கள் மூவரும் கடல் கடந்து மலகாவுக்குத் தப்பினார்கள். கார்டோபாவில் ஐந்தாண்டுகளுக்கு முன்தான் ஆட்சிக்கு வந்திருந்த மூன்றாம் அப்துர் ரஹ்மான் அவர்களை ஆதரித்தார். மசாலா, தலூல் என்பவரிடம் நகரை ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் போனதும், சகோதரர்கள் மூவரும் தனித்தனிக் கப்பலில் ஒரே இரவில் கிளம்பினார்கள். யார் முதலில் கரை சேர்கிறாரோ அவரே அரசர் என்பது உடன்பாடு. இளையவர் சாலிஹ் முதலில் சேர்ந்தார். தெம்சாமான் பெர்பர்கள் அவரை வரவேற்றார்கள். தலூலைக் கொன்று நகரை மீட்டார். அனாதை என்னும் பொருள்தரும் பெயரால் வரலாறு அவரை அழைக்கிறது. மூத்தவர்கள் பின்னர் வந்து சேர்ந்தும் உடன்பாட்டை மீறவில்லை.

கடற்கரை ஊர்களிலிருந்து வந்திருந்தவர்கள் இந்தப் பகுதியில் கேட்ட கேள்விகள் வகுப்புக்கே வலிமை சேர்த்தன. ஒரே இரவில் கிளம்பிய மூன்று கப்பல்களில் ஒன்று முன்னேயும் மற்றவை நாட்கணக்கில் பிந்தியும் வருவதற்குக் காற்றும் நீரோட்டமும் எப்படிக் காரணமாகும் என்று குளச்சலிலிருந்து வந்த ஒருவர் விளக்கியது, எந்த நூலிலும் கிடைக்காத துணை. காற்றை நம்பி அரசுரிமையை முடிவு செய்தவர்கள் அந்தக் கடலை நன்றாக அறிந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்ற அவருடைய வாதம் எனக்கு ஏற்புடையது.

ஐந்தாம் அமர்வின் பிற்பகுதியில் நம் மாவட்டத்து ஆய் அரசுடனான ஒப்பீடு வந்தது. இத்தகைய ஒப்பீடுகள் பெரும்பாலும் கைதட்டலுக்காகச் செய்யப்படுவதால் எனக்குத் தயக்கம் இருந்தது. ஆனால் பேராசிரியை காலத்தையும் சூழலையும் மட்டும் அருகருகே வைத்தார். நெக்கோரை வைக்கிங்குகள் சூறையாடிய அதே தலைமுறையில், 866இல், ஆய் மன்னர் கருநந்தடக்கன் முன்சிறைச் சபையாரிடமிருந்து நிலம் பெற்று, பார்த்திவசேகரபுரத்தில் விஷ்ணு கோயிலையும், காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு 95 பேருக்கான சாலை என்னும் கல்விக்கூடத்தையும் நிறுவியதைச் செப்பேடு சொல்கிறது. அடுத்து வந்த விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு சிதறால் மலையில் இருக்கிறது. ஒருபக்கம் பாண்டியர், மறுபக்கம் சேரர், பிறகு சோழர் என்று நெருக்கப்பட்ட ஆய் நாட்டுக்கும், கார்டோபாவுக்கும் கைரவானுக்கும் நடுவில் நெருக்கப்பட்ட நெக்கோருக்கும் பொதுவானது இடுக்கில் வாழும் கலை. வேறுபாடு சான்றில் இருக்கிறது. ஆய் மன்னர்கள் தங்கள் வார்த்தையைத் தாங்களே செம்பிலும் கல்லிலும் விட்டுப்போனார்கள். நெக்கோரின் கதையை அயலூர்க்காரர்கள் பின்னர் எழுதினார்கள். முன்சிறையும் சிதறாலும் பேருந்தில் போய்ப் பார்த்துவரக்கூடிய தூரத்தில் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே உறைத்தது.

கடைசி அமர்வு ஏமாற்றமளித்தது. 917க்குப் பிறகும் நெக்கோருக்கு ஒரு நூற்றாண்டு வாழ்வு இருந்தது. அப்துர் ரஹ்மான் 927இல் மெலில்லாவையும் 931இல் செயுத்தாவையும் கைப்பற்றி, 929இல் தம்மைக் கலீஃபா என்று அறிவித்துக்கொண்ட காலம் அது. ஆப்பிரிக்கக் கரையின் ஒவ்வொரு தலைவரும் கார்டோபாவா, ஃபாத்திமியரா என்று தேர்ந்தெடுக்கத் தள்ளப்பட்டார்கள். முன்பு ஃபாத்திமியருக்காகப் போரிட்ட மூசா இப்னு அபில் ஆஃபியா நெக்கோரைச் சூறையாடியதும், பிறகு ஃபாத்திமியப் படை மறுபடியும் வந்ததும் இந்தச் சூழலில்தான். இவ்வளவையும் அரை மணி நேரத்துக்குள் அடக்கி, 1019இல் அஸ்தாஜா குலத்தார் நகரைப் பிடித்ததையும், 1080இல், அப்போது பேரரசாக எழுந்துகொண்டிருந்த முராபித்துகளின் தலைவர் யூசுஃப் இப்னு தாஷ்ஃபீன் அதை மீண்டும் எழாதபடி அழித்ததையும் இரண்டு வாக்கியங்களில் சொல்லி முடித்துவிட்டார்கள். வைக்கிங் கொள்ளைக்கு ஒரு முழு அமர்வு தந்தவர்கள், எட்டு நாள் நிகழ்வுக்குக் கொடுத்த நேரத்தில் பாதியையாவது இந்த நூறு ஆண்டுகளுக்குக் கொடுத்திருக்க வேண்டும். முராபித்துகளும் பெர்பர்களே, ஒரு பெர்பர் பேரரசு எழும்போது பெர்பர் சிற்றரசின் நகரம் ஏன் தரைமட்டமாக வேண்டும் என்பது ஆறாம் அமர்வில் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி.

பெர்பர் மக்களைப் பற்றிய பகுதி மெலிந்திருப்பது இன்னொரு குறை. கொமாரா, சன்ஹாஜா, நஃப்ஸா, மிக்னாசா என்று பெயர்கள் வந்துகொண்டே இருந்தாலும், அவர்கள் எங்கே மேய்த்தார்கள், எங்கே உழுதார்கள், மலையும் சமவெளியும் எப்படிப் பண்டம் மாற்றிக்கொண்டன என்பது சொல்லப்படவில்லை. வரைபடத்தில் நகரங்களும் ஆறுகளும் படையெடுப்பு அம்புகளும் தெளிவாக உள்ளன. குலங்களின் நிலப்பரப்பு இல்லை. குலங்களின் சம்மதத்தால் நின்ற அரசு என்று இரண்டாம் அமர்வில் அவ்வளவு அழுத்தமாகச் சொல்லிவிட்டு, அந்தக் குலங்களை வரைபடத்தில் விட்டுவிட்டதைப் பெரிய இழப்பாகவே கருதுகிறேன். மற்றபடி வரைபடம் தரமான தாளில், தமிழ் எழுத்துகளில், பின்வரிசையிலிருந்தும் படிக்கும்படி அச்சாகியிருக்கிறது.

சேவையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கட்டணம் மாணவர்களால் கொடுக்கக்கூடியது. மாணவர்களுக்குச் சலுகையும் உண்டு. கூடம் மாடியில் இருப்பதால் முதியவர்கள் படியேறச் சிரமப்பட்டார்கள். கீழ்த்தளத்தில் இடம் பார்ப்பது நல்லது. ஒலிபெருக்கி தெளிவாக இருந்தது. கேள்வி நேரம் நீண்டதால் சில மாலைகளில் வகுப்பு தாமதமாக முடிந்து, கொல்லங்கோடு பக்கம் போகிறவர்கள் பாதியில் எழுந்து போக வேண்டியிருந்தது. அவர்கள் தவறவிட்ட பகுதியை ஒலிப்பதிவாகக் கொடுக்க ஏற்பாட்டாளர்கள் முன்வந்தது பாராட்டுக்குரியது. கேட்டதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்கள்.

வரலாற்றை ஆர்வத்துக்காகப் படிப்பவர்கள், வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள், கல்வெட்டுப் பயிற்சியில் இருப்பவர்கள் அடுத்த சுற்றில் தயங்காமல் சேரலாம். இத்ரீசியர், ருஸ்தமியர் பற்றி முன்பே கொஞ்சம் வாசித்துவிட்டுப் போனால் பயன் கூடும். இல்லாவிட்டாலும் முதல் இரண்டு அமர்வுகள் கைப்பிடித்து அழைத்துச் செல்லும். ஏற்பாட்டாளர்கள் கையேட்டை மறுபடி அச்சிடுவதற்கு முன் ஆண்டுகளை ஹிஜ்ரியும் பொது ஆண்டுமாக இரண்டு வரிசையில் திருத்தி, அரசர்களுக்கு எண்ணிட்டு, குலங்களின் நிலப்பரப்பை வரைபடத்தில் சேர்த்து, கடைசி நூற்றாண்டுக்கு ஏழாவதாக ஓர் அமர்வு ஒதுக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டுக் கொடுத்திருக்கிறேன்.